தாத்தா காலத்துக் கத்திக்கு வயது எத்தனை? ஹைதராபாத் சேகரிப்புகள் காட்டும் தடயங்கள்

ஹைதராபாத்: மூசி ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், ஜேட் கற்பொருள்களுக்கென ஒதுக்கப்பட்ட கூடத்தில் பார்வையாளர்கள் அதிக நேரம் நிற்கும் கண்ணாடிப் பேழைகளுள் இரண்டு சிறிய கூர்ப்பொருள்கள் உள்ளன. ஒன்று, முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருடையது எனக் குறிக்கப்பட்டுள்ள, ஜேட் பிடி கொண்ட குறுவாள். மற்றொன்று, அவருடைய அரசி நூர்ஜஹானுடையது எனச் சொல்லப்படும், மணிகள் பதித்த பழக்கத்தி. முன்னது இடைக்கச்சையில் செருகப்பட்டது. பின்னது உணவு மேசையில் பழம் நறுக்கப் பயன்பட்டது. இரண்டும் கையால் செய்யப்பட்டவை.

அரண்மனைக் கத்திகளுக்கு அரசர் பெயரும் அருங்காட்சியகத்தின் சீட்டும் துணை நிற்கின்றன. வீட்டுப் பரணிலும் இரும்புப் பெட்டியிலும் கிடக்கும் கத்திகளுக்கு அப்படி எதுவும் இல்லை. 1948-இல் ஹைதராபாத் அரசு இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பிறகு பழைய பிரபுக்களின் தேவ்டி மாளிகைகளிலிருந்து ஏராளமான பொருள்கள் வெளியேறின. அவற்றுள் கத்திகளும் உண்டு. ஜுமேராத் பஜார் போன்ற பழைய பொருள் சந்தைகளிலும் இணையவழி விற்பனையிலும் இன்று 'நிஜாம் காலத்துக் கத்தி' என்ற பெயரில் விற்கப்படுபவற்றுள் மூன்று நூற்றாண்டுப் பழமை உடையதும் இருக்கலாம், மூன்று ஆண்டுக்கு முன் பட்டறையில் செய்து துருவேற்றப்பட்டதும் இருக்கலாம். உண்மையான பழம்பொருள் இரும்பு விலைக்குப் போவதும், போலிக்கு இலட்சங்கள் கொடுக்கப்படுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. ஆகவே, ஒரு கைவினைக் கத்தியின் காலத்தை அறிஞர்கள் எவ்வாறு கணிக்கின்றனர் என்பதை அறிந்துகொள்வது, சேகரிப்பாளர்களுக்கு மட்டுமின்றி, குடும்பச் சொத்தாக ஒரு கத்தியை வைத்திருப்பவர்களுக்கும் பயன்படும்.

முதலில் வடிவம்

தக்காணத்தில் புழங்கிய சிறு ஆயுதங்கள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. நேரான அலகும் ஒருபக்கக் கூர்மையும் கொண்டது கார்ட். இது பாரசீக மரபில் வந்தது. பழக்கத்தி, எழுதுகோல் சீவும் கத்தி ஆகியவற்றுக்கு நெருங்கிய உறவு. அலகின் முதுகு தடித்து, வெட்டுமுகம் 'டி' எழுத்து வடிவில் அமைந்து, முனை ஊசிபோல் குறுகுவது பேஷ் கப்ஸ். இருமுறை வளைந்த இருபக்கக் கூர்மையுடையது கஞ்சர். கைப்பிடி முதல் முனை வரை முழுவதும் உலோகத்தால் ஆன, தென்னிந்தியாவுக்கும் தக்காணத்துக்கும் உரிய வளைகுறுவாள் சிலானம். தமிழர்களுக்கு நன்கு தெரிந்த கட்டாரி, விரல்கள் பற்றும் குறுக்குப் பட்டைகளைக் கொண்டது. தேளின் கொடுக்கைப் பெயரில் தாங்கிய பிச்சுவாவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

நிஜாம் படையில் பணிபுரிந்த ஹத்ரமௌத் பகுதி அரபு வீரர்களின் வழித்தோன்றல்கள் வாழும் பர்காஸ், ஹைதராபாத்தின் தென்பகுதியில் உள்ளது. 'பாரக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபே அந்தப் பெயர். அவர்களுடன் வந்தது ஜம்பியா என்னும் அகன்ற, வளைந்த குறுவாள். எனவே ஹைதராபாத்தில் ஒரு ஜம்பியா கிடைத்தால் அது யேமனிலிருந்து வந்தது என்று உடனே முடிவுகட்ட இயலாது.

வடிவம் ஒரு பொருளின் வட்டாரத்தைச் சொல்லும். காலத்தைத் தோராயமாகவே சொல்லும். ஏனெனில் நல்ல வடிவம் ஒன்று உருவாகிவிட்டால் இந்தியக் கைவினைஞர்கள் அதை இருநூறு ஆண்டுகள் கூடத் தொடர்ந்து செய்தனர். இங்கு ஓவியங்கள் கைகொடுக்கின்றன. பிஜப்பூர், கோல்கொண்டா அரசவை ஓவியங்களில் சுல்தான்களின் இடுப்பில் உள்ள குறுவாளின் பிடி நுணுக்கமாகத் தீட்டப்பட்டிருக்கும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ள, விலங்குருக்கள் பின்னிய பொன்முலாம் பிடி கொண்ட தக்காணக் குறுவாள் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது எனக் கொள்ளப்படுவதற்கு, அதுபோன்ற பிடிகள் அக்கால ஓவியங்களில் காணப்படுவதும் ஒரு காரணம். அதேபோல், கைத்துப்பாக்கியின் பிடிபோல் நுனியில் வளையும் ஜேட், பளிங்குப் பிடிகள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்தே பெருகின. அத்தகைய பிடியைக் காட்டி 'அக்பர் காலத்தது' என்று ஒருவர் சொன்னால், சந்தேகம் கொள்வதற்கு இடமுண்டு.

அலகு ஒரு காலம், பிடி வேறு காலம்

பழைய கத்திகளைப் பற்றிப் பொதுமக்களிடம் நிலவும் பெரிய தவறான எண்ணம், முழுக் கத்தியும் ஒரே நாளில் ஒரே கைவினைஞரால் செய்யப்பட்டது என்பதாகும். நல்ல அலகு விலைமதிப்புள்ளது. பிடி உடைந்தால் புதிய பிடி. உறை கிழிந்தால் புதிய உறை. அலகு மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். இதற்கு மாறாக, ஜேட் பிடி நன்றாக இருந்து அலகு தேய்ந்துபோனால் புதிய அலகு பொருத்தப்பட்டது.

இதற்குத் தமிழகமே சிறந்த சான்று. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகள் பலவற்றில், ஐரோப்பிய வாள்களின் உடைந்த அலகுகள் வெட்டிப் பொருத்தப்பட்டிருந்தன. பிடி தென்னிந்தியாவினது, அலகு கடல் கடந்து வந்தது. அந்த ஆயுதசாலை 1860-களில் கலைக்கப்பட்டபோது சிறந்த பொருள்கள் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டன. எஞ்சிய பெருந்தொகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகப் போனது. எழும்பூரில் இன்று காணப்படுபவை அந்த அழிவில் தப்பியவை.

எனவே ஆய்வாளர் ஒருவர் கத்தியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது, அலகும் பிடியும் சேரும் இடத்தையே. இயல்பாகப் பொருந்தியதா, இடைவெளியை அரக்கால் நிரப்பியிருக்கிறார்களா, பிடிக்குள் செல்லும் காம்பு புதிதாகப் பற்றவைக்கப்பட்டதா, உறையின் வாய் அலகின் அகலத்தோடு ஒத்துப்போகிறதா என்பன கவனிக்கப்படும். மூன்றும் மூன்று காலத்தவை எனத் தெரிந்தாலும் பொருளின் மதிப்பு அற்றுப்போவதில்லை. விற்பவர் அதை மறைக்கும்போதுதான் சிக்கல்.

உருக்கின் கோடுகள்

அலகைப் பொறுத்தவரை, தெலங்கானா மண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. உலகம் 'டமாஸ்கஸ் எஃகு' என்று கொண்டாடிய அலகுகளின் மூலப்பொருள் தென்னிந்தியாவில் உருவானது. ஆங்கிலத்தில் 'வூட்ஸ்' என வழங்கும் பெயர், கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகியவற்றோடு தொடர்புடையது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தமிழகத்தில் கொடுமணல், மேல்சிறுவளூர் ஆகிய இடங்களில் மூசை உருக்குத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. தெலங்கானாவில் புகழ்பெற்ற இடம், பழைய நிஜாமாபாத் மாவட்டத்துக் கோனாசமுத்திரம்.

நிஜாம் ஆட்சிப் பகுதியில் நில ஆய்வுப் பணியில் இருந்த மருத்துவரும் புவியியலாளருமான ஹென்றி வாய்சி, கோனாசமுத்திரத்தில் உருக்கு செய்யப்பட்டதை நேரில் கண்டு எழுதினார். 1824-இல் அவர் மறைந்தபின், 1832-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அந்தக் குறிப்பு வெளியானது. இரும்பைக் களிமண் மூசைகளில் இட்டு மூடி, நீண்ட நேரம் உலையில் உருக்கி, மெல்ல ஆறவிட்டு, வட்டக் கட்டிகளாக எடுத்தனர். அந்தக் கட்டிகளை வாங்க இஸ்ஃபஹானிலிருந்து பாரசீக வணிகர் நேரில் வந்து தங்கியிருந்ததையும் வாய்சி குறிப்பிடுகிறார். தெலங்கானாச் சிற்றூர் ஒன்றின் உலையில் பிறந்த கட்டி, பாரசீகத்தில் வாளாகிப் பின் மீண்டும் தக்காணத்துக்கு விலையுயர்ந்த ஆயுதமாக வந்திருக்கவும் வாய்ப்புண்டு. 'பாரசீக அலகு' என்ற முத்திரையைப் பார்க்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது. 2010-ஆம் ஆண்டையொட்டி, பெங்களூரு தேசிய உயர் ஆய்வு நிறுவனமும் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகமும் இணைந்து வட தெலங்கானாவில் விரிவான கள ஆய்வு நடத்தி, இத்தொழிலின் எச்சங்களை ஊர் ஊராகப் பதிவு செய்தன.

உருக்கில் கரிமத்தின் அளவு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை இருக்கும். மெதுவாகக் குளிர்ந்த கட்டியைக் குறைந்த வெப்பத்தில் மீண்டும் மீண்டும் தட்டி நீட்டும்போது, கடினமான கார்பைடு துகள்கள் வரிசை வரிசையாக அமைகின்றன. அலகைத் துலக்கி, மென்மையான அமிலக் கரைசலில் காட்டினால் அவை நீரலைபோல் வெளிப்படும். இரும்புத் தாதுவில் சிறிதளவே கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்களே இந்த வரிகளுக்குக் காரணம் என்று அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் 1990-களில் செய்து காட்டினர்.

இன்று சந்தையில் 'டமாஸ்கஸ்' என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை இவையல்ல. இருவகை எஃகுத் தகடுகளை அடுக்கிப் பற்றவைத்து, மடித்து, முறுக்கி அடித்துச் செய்யப்படுபவை அவை. அவற்றின் கோடுகள் மரத்தின் வளையங்கள்போல் தெளிவாக, அறுபடாமல், அலகின் நீளம் முழுவதும் ஒழுங்காக ஓடும்; ஒளிக்கும் இருளுக்கும் இடையே வேறுபாடு பளிச்சென்று இருக்கும். உருக்கின் வரிகளோ நுண்மையானவை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் துண்டு துண்டாக, மணல் சிதறியதுபோல் தெரியும். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு: சாதாரண எஃகில் மெழுகு பூசி, அமிலத்தால் கோடுகளைப் பொறித்துவிடுவது. அக்கோடுகள் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். தேய்ந்த முனையிலும் கூர்விளிம்பிலும் மறைந்திருக்கும். உண்மையான வரி அலகின் உள்ளே வரை செல்வது.

மூசை உருக்குத் தொழில் 19-ஆம் நூற்றாண்டில் நலிந்தது. இறக்குமதியான ஐரோப்பிய எஃகின் மலிவும் காட்டுக் கரியின் தட்டுப்பாடும் அதற்குக் காரணங்கள். ஆகவே உண்மையான உருக்கு அலகு என உறுதியானால், அது பெரும்பாலும் அக்காலத்துக்கு முந்தியது எனக் கொள்ளலாம். ஆனால் கடந்த சில பத்தாண்டுகளாக அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் கைவினைக் கொல்லர்கள் இதை மீண்டும் செய்து வருவதால், வரியை மட்டும் வைத்துக் காலம் சொல்லும் வசதி இப்போது குறைந்துவிட்டது.

எழுத்தும் எண்ணும்

அலகில் எழுத்து இருந்தால் வேலை எளிது என்று தோன்றும். உண்மையில் அதிகமாக ஏமாற்றுவதும் எழுத்துதான்.

'அமல்' என்று தொடங்கும் பாரசீகப் பொறிப்பு, 'இன்னாரின் கைவேலை' எனப் பொருள்படும். இந்தியாவிலும் ஈரானிலும் மிகுதியாகக் காணப்படும் பெயர் இஸ்ஃபஹானைச் சேர்ந்த அசதுல்லா. அப்பெயர் தாங்கிய அலகுகள் ஒரு மனிதரின் வாழ்நாளில் அடங்காத அளவுக்கு நீண்ட காலப் பரப்பில் கிடைக்கின்றன. ஒரு புகழ்பெற்ற கொல்லரின் பெயர் பின்னர் தரக்குறியாகவே மாறிவிட்டது என்பதே அறிஞர்களின் முடிவு. நான்கு கட்டங்களில் 2, 4, 6, 8 என்ற எண்கள் அல்லது அவற்றுக்குரிய அரபு எழுத்துகள் இருந்தால், அது 'புதூஹ்' எனப்படும் காப்பு மந்திரம். அதை ஆண்டு என்று படித்துக் காலம் சொல்பவர்களும் உண்டு.

உண்மையிலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால், அடுத்த கேள்வி எந்த ஆண்டுமுறை என்பது. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை அடிப்படையாகக் கொண்டதால் சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. எனவே வெறுமனே 622-ஐக் கூட்டினால் விடை தவறும். ஹிஜ்ரி எண்ணை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறத்தாழச் சரியான ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஹிஜ்ரி 1100 என்பது 1688-89.

ஹைதராபாத்தில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. நிஜாம் அரசின் நிர்வாக ஆவணங்களில் பசலி ஆண்டு வழக்கில் இருந்தது. தமிழகத்தின் கிராமக் கணக்குகளைப் பார்த்தவர்களுக்குப் பசலி புதிதன்று. அதனுடன் 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஒரு பொருளில் 1350 என்று இருந்தால், ஹிஜ்ரி எனில் அது 1931-32. பசலி எனில் 1940-41. ஒன்பது ஆண்டு வேறுபாடு சிறிதுதானே என்று தோன்றலாம். பரிசளிப்புக் கத்தி ஒன்றை யார், எந்தப் பதவியில் இருந்தபோது கொடுத்தார் என்று தேடும்போது அந்த ஒன்பது ஆண்டு முழு விடையையும் மாற்றிவிடும்.

பெருமைக்காக வெட்டிய பொறிப்பைக் காட்டிலும், கணக்குக்காகக் குத்திய குறி நம்பகமானது. ராஜஸ்தானின் பிகானேர் அரண்மனை ஆயுதசாலைப் பொருள்களில், சிறு புள்ளிகளாகக் குத்தப்பட்ட தேவநாகரி எழுத்தும் எண்ணும் காணப்படும். அவற்றுள் ஒரு பகுதி, இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கர்னூல் மாவட்டத்தில் உள்ள ஆதோனிக் கோட்டை 1689-ஐ ஒட்டி முகலாயப் படையிடம் வீழ்ந்தபோது, அப்படையில் இருந்த பிகானேர் அரசர் அனூப் சிங் கைப்பற்றிச் சென்றவை. இந்தப் புள்ளிக்குறி உள்ள தக்காணக் குறுவாள் அந்த ஆண்டுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. பொருள் எப்போது செய்யப்பட்டது என்று இது சொல்வதில்லை. எப்போதைக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறது. காலக்கணிப்பில் இத்தகைய எல்லைக்கோடே பெரும் செல்வம்.

பொறிப்பு, நூற்சான்று, உலோக ஆய்வு மூன்றும் ஒரே விடையைத் தரும் அரிய கத்தி ஒன்று வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஃபிரீர் கலைக்கூடத்தில் உள்ளது. 1621 ஏப்ரலில் பஞ்சாபின் ஜலந்தர் அருகே விண்கல் ஒன்று விழுந்தது. அந்த இரும்பைக் கொண்டு வாள்களும் குறுவாளும் கத்தியும் செய்ய ஆணையிட்டதை ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். விண்கல் இரும்பு மட்டும் சுத்தியலடிக்குத் தாங்காமல் சிதறியதால், மூன்று பங்குக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்க்கப்பட்டது என்ற செய்முறைக் குறிப்பும் அதில் உண்டு. ஃபிரீர் கத்தியின் அலகில் ஆண்டும் செய்தியும் பொன்னால் இழைக்கப்பட்டுள்ளன. ஆய்வில் விண்கல் இரும்புக்குரிய நிக்கல் கலப்பும் தெரியவந்தது. ஜஹாங்கீரின் பெயரைச் சுமக்கும் கத்திகளுள் இத்தனை சான்று கொண்டவை மிகச் சில.

பிடி என்ன சொல்கிறது

முகலாய, தக்காணப் பிடிகளில் பயன்பட்ட ஜேட், நெஃப்ரைட் வகைக் கல். மத்திய ஆசியாவின் கோத்தான் பகுதியிலிருந்து வந்தது. பாம்புக்கல் எனப்படும் செர்பன்டைன் அதைவிட மென்மையானது. போலிகளில் அதுவே மிகுதி. கண்ணாடியால் செய்த போலியில் உருப்பெருக்கியின்கீழ் நுண்குமிழிகள் தெரியும். மணி பதிக்கும் குந்தன் முறையில், தூய பொற்றகட்டை மணியைச் சுற்றிச் சூடாக்காமலே அழுத்திப் பிடிக்கச் செய்வர். புதிய போலிகளில் மணி பசையால் ஒட்டப்பட்டு, சுற்றிலும் பொன்வண்ணம் பூசப்பட்டிருக்கும்.

எஃகுப் பிடியில் பொன், வெள்ளிக் கம்பி வேலை இருந்தால் அதன் தேய்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும். கோஃப்த்காரி முறையில், எஃகின் மேல் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் கீறி, அந்தக் கீறலில் கம்பியை அடித்துப் பதிப்பர். பொன் உதிர்ந்த இடத்தில் கீறல் வலை தெரிந்தால் நல்ல அறிகுறி; வழவழப்பான எஃகு தெரிந்தால் அது வெறும் முலாம். அருகிலுள்ள பீதர் நகரின் பிதிரி வேலை இதனின்று வேறானது. துத்தநாகக் கலவையில் வார்த்து, வெள்ளி பதித்து, பீதர் கோட்டை மண்ணும் நவச்சாரமும் கலந்த கரைசலில் கறுப்பாக்குவது அது.

தந்தப் பிடி என்றால் சட்டமும் குறுக்கிடுகிறது. யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் வலைபோல் வெட்டிக்கொள்ளும் கோடுகள் தெரியும். எலும்பில் இரத்த நாளத் துளைகள் கறும்புள்ளிகளாக இருக்கும். செல்லுலாயிடில் இணைகோடுகள் மட்டும் ஒழுங்காக ஓடும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உள்ளது. அது பிடியைக் கெடுக்கும். செல்லுலாயிடாக இருந்தால் தீப்பற்றவும் கூடும்.

சட்டைப்பையில் வந்தவை

அரச குறுவாள்களைவிட வீடுகளில் மிகுதியாகக் கிடைப்பவை சிறு கத்திகளே. பாரசீக, உருது எழுத்து மரபு செழித்த ஹைதராபாத்தில், நாணல் எழுதுகோலைச் சீவும் 'கலம்தராஷ்' எழுத்தர்களின் மைப்பெட்டியோடு சேர்ந்தே இருந்தது. நீண்ட மெல்லிய பிடி, சிறிய அலகு, தந்தம் அல்லது எஃகு வேலைப்பாடு ஆகியவை அதன் அடையாளம். பலர் இதை அறுவைக் கருவி என்று தவறாகக் கருதுகின்றனர்.

ஆங்கிலேயர் காலத்தில் புகுந்தது ஷெஃபீல்டின் மடக்குக்கத்தி, அதாவது பேனாக்கத்தி. அதன் காலத்தைச் சொல்வது அலகின் அடியில் உள்ள முத்திரை. புகழ்பெற்ற ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனத்தின் குறி, ஒரு விண்மீனும் மால்டா சிலுவையும். அரசக் குடும்பத்துக்குப் பொருள் வழங்கிய உரிமையால் ஆட்சியாளரின் முதலெழுத்துகளும் உடன் பொறிக்கப்பட்டன. 'வி.ஆர்.' எனில் விக்டோரியா காலம், 'ஈ.ஆர்.' எனில் பெரும்பாலும் 1901 முதல் 1910 வரையிலான ஏழாம் எட்வர்ட் காலம். 'ஜி.ஆர்.' மட்டும் தொல்லை தருவது, ஏனெனில் ஜார்ஜ் என்ற பெயரில் அரசர் பலர். அமெரிக்காவின் 1890-ஆம் ஆண்டு மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியதால், 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் அது 1891-க்குப் பிந்தியது எனக் கொள்வது சேகரிப்பாளர் வழக்கம். அச்சொல் இல்லாமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது. இந்தியச் சந்தைக்கு வந்த சரக்குக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது.

துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-இல். பேக்கலைட் 1907-இல் கண்டறியப்பட்டது. 'மேற்கு ஜெர்மனி' என்ற பெயர் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. 'என் முப்பாட்டனார் 1857-இல் வைத்திருந்த கத்தி' என்ற குடும்பக் கதையைத் துருப்பிடிக்காத எஃகு என்ற முத்திரை ஒன்றே முடித்துவைத்துவிடும்.

இந்தியக் கைவினை மடக்குக்கத்திகளுள் பெயர்பெற்றது உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரி. திரைப்படங்களால் நாடெங்கும் அறிமுகமான இதில் நிறுவன முத்திரைகள் ஒழுங்காக இருப்பதில்லை. பித்தளைப் பிடியின் வேலைப்பாடு, கையால் அராவிய அலகின் சீரற்ற தேய்வு, தறையாணிகளின் தலை ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிட வேண்டும். இயந்திரத்தில் தீட்டிய அலகில் கோடுகள் ஒரே அளவில் இணையாக ஓடும். அரத்தால் செய்ததில் அவை சற்றே விலகி விலகிச் செல்லும்.

துடைத்தால் போய்விடும்

பழைய கத்தியைக் கண்டெடுத்தவர்கள் முதலில் செய்வது, புளியும் சாம்பலும் இட்டோ மணல்தாள் கொண்டோ பளபளவென்று தேய்ப்பது. காலத்தைச் சொல்லும் சான்று அத்தனையும் அந்தச் சில நிமிடங்களில் போய்விடும். நூற்றாண்டுத் துரு கரும்பழுப்பாக, கெட்டியாக, எஃகோடு ஒன்றியிருக்கும். உப்பும் அமிலமும் இட்டு வரவழைத்த துரு ஆரஞ்சு நிறத்தில், விரலில் ஒட்டும் பொடியாக, மறைவான இடத்திலும் வெளியிலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். தேய்வும் அப்படித்தான்: உண்மையில் பயன்பட்ட கத்தி, கை பற்றும் இடத்திலும் உறையில் உரசும் இடத்திலும் தேயும். எங்கும் சமமாகத் தேய்ந்திருந்தால், தேய்த்தவர் அவசரத்தில் இருந்தார் என்று பொருள். மென்துணியால் தூசியைத் துடைத்து, அமிலமற்ற எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, தோலுறைக்கு வெளியே உலர்ந்த இடத்தில் வைப்பது போதும். தோல் ஈரத்தை ஈர்த்து வைத்து அலகை அரிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய கைவினைப் பொருள் 'தொல்பொருள்' ஆகும். அதை வணிகமாக விற்க உரிமம் தேவை. தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அனுமதி இல்லை; மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்குக் குடும்பக் கத்தியைக் கொடுத்தனுப்பும் பெற்றோர் பலர் இதை அறிவதில்லை. தந்தம் பதித்த பொருளின் விற்பனைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தடையும் உண்டு.

ஆயுதச் சட்ட விதிகள், 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகுடைய கத்திகளையும், வாள், குறுவாள் ஆகியவற்றையும் கூர்ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென்றே அமைந்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. அரசு அறிவிக்கை செய்யும் பகுதிகளில் இத்தகைய ஆயுதங்களை வைத்திருக்க உரிமம் தேவைப்படும். எனவே வாங்குவதற்கு முன் உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டறிவது பாதுகாப்பானது.

ஒரு பொருள் நூறு ஆண்டுக்கு உட்பட்டது என்று கருதுவோர், இந்தியத் தொல்லியல் துறையின் வல்லுநர் குழுவிடம் காட்டித் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் பெறலாம். பொருளை எடுத்துச் செல்லும்போது அதன் உறை, பழைய ரசீது, குடும்பப் படங்கள், அந்தக் கத்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எழுதிய தாள் ஆகியவற்றையும் உடன் கொண்டுபோவது நல்லது. அலகின் இருபக்கத்தையும், பிடி சேருமிடத்தையும், எழுத்துள்ள பகுதியையும் அளவுகோலுடன் படமெடுத்து வைத்திருந்தால், களவு போனால் அடையாளம் காட்டவும் அந்தப் படங்களே உதவும்.